முதலில் வரும் கேள்வி

அன்று வகுப்பில் நான் சொன்ன பதிலில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதைத்தான் திரும்பத் திரும்ப எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு பையன் கேட்டான், நான் உள்ளதைச் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. இருந்தாலும் கீமோ ஏற்றிக்கொண்டு வந்த இரவுகளில் தூக்கம் பிடிக்காமல் கிடக்கும்போது, ஸ்கேன், செலவு, பிள்ளைகள் என்று எல்லாக் கவலையும் ஒரு சுற்று வந்து ஓய்ந்த பிறகு கடைசியாக இது வந்து நிற்கிறது.

உயர்நிலை நான்கு மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வுப் பயிற்சி. காணொளியைப் பார்த்துவிட்டு அதையொட்டி உரையாட வேண்டும். அன்றைய காணொளி மின்சிகரெட் பற்றியது. துறையில் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டிருந்த வரிசையில் அடுத்து அதுதான் இருந்தது. மாற்றியிருக்கலாம். ஆனால் மாற்றினால் ஏன் மாற்றினேன் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று நானே அவர்களிடம் சொல்லியிருந்தேன். பிறகு ஒளித்து விளையாட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு மாணவி நன்றாகவே பேசினாள். 2018லிருந்து இங்கே சிங்கப்பூரில் மின்சிகரெட்டைக் கையில் வைத்திருப்பதே குற்றம், சிகரெட் வாங்கும் வயது 2021இல் 21 ஆகிவிட்டது என்று எல்லாம் சரியாகச் சொன்னாள். “புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய்...” என்று வந்தவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். வகுப்பு முழுக்க என் முகத்தைப் பார்த்தது. முன்வரிசையில் ஒரு பையன், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவன், கேட்டுவிட்டான்.

“டீச்சர், நீங்க சிகரெட் பிடிச்சிருக்கீங்களா?”

“இல்லப்பா. வாழ்க்கையில ஒரு தடவகூட இல்ல.”

பிள்ளைகளின் முகம் இளகியதைக் கண்ணால் பார்த்தேன். “அப்புறம் எப்படி டீச்சர் உங்களுக்கு வந்துச்சு?”, “பாவம் டீச்சர்” என்று குரல்கள். நானும் விடவில்லை. புகைபிடிக்காதவர்களுக்கும் இந்த நோய் வரும், நம் ஆசியப் பெண்களிடம் அப்படி நிறையவே காண்கிறார்கள், சிங்கப்பூரில் ஆணானாலும் பெண்ணானாலும் அதிகம் வரும் முதல் மூன்று புற்றுநோய்களில் இது ஒன்று என்று விளக்கினேன். பாடம் நன்றாகப் போனது என்றுதான் அப்போது நினைத்தேன்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு பின்வரிசைப் பையன் ஒருவன் நின்றான். பயிற்சித்தாளை என் மேசையில் வைத்தான். தாளின் ஓரத்தைப் பேனாவால் குத்திக் குத்தி ஓட்டையாக்கி வைத்திருந்தான். போன வருடம் அவனுடைய அப்பா தவறிவிட்டார் என்று வகுப்பாசிரியர் சொல்லி எனக்குத் தெரியும். எதனால் என்று தெரியாது.

“எங்கப்பாவுக்கும் இதேதான் டீச்சர். அவரு பிடிச்சாரு.”

“உங்க அப்பாவுக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒரே நோய்தான்ப்பா” என்றேன்.

“இல்ல டீச்சர்” என்றான். கோபமே இல்லை. கணக்கில் ஒரு தவற்றைச் சுட்டிக்காட்டுவது போலச் சொன்னான். “எல்லாரும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க. நாங்க ஆமான்னு சொல்லுவோம். அப்புறம் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அது கீமோ ஏற்றிய பிறகு வரும் இரண்டாவது வாரம், நின்று பாடம் நடத்தினாலே கால் தளரும் வாரம், அதனால்தான் உட்கார்ந்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அவன் சொன்னது உண்மை. நோய் தெரிந்த நாளிலிருந்து என்னிடமும் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். நாத்தனார் கேட்டார், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கேட்டார், என்னை மருத்துவமனைக்கு ஏற்றிப் போன டாக்சி ஓட்டுநர்கூடக் கேட்டார். டாக்டர் கேட்டதற்காவது மருத்துவக் காரணம் உண்டு. மற்றவர்களுக்கு அது எதற்கு? இல்லை என்று நான் சொன்னதும் அவர்கள் குரலே மாறும். சாப்பாடு வரும், கோவில் பிரசாதம் வரும், பணத்துக்கு என்ன செய்கிறாய் என்று அக்கறை வரும். அந்தப் பையன் வீட்டுக்கு இவையெல்லாம் வந்திருக்குமா என்று அதுவரை ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

ஆனால் என் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். நான் இருமிக்கொண்டே பல மாதம் வேலைக்குப் போனவள். புகைமூட்டம், ஏர்கான், தொண்டையைக் கட்டிக்கொண்டு கத்துவது என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள், நானும் நம்பினேன். கிளினிக்கில் இருமல் மருந்தும், எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சான்றும் கிடைத்தன. புகைபிடிக்காத ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, மாடிப்படியில் மூச்சு நின்ற பிறகுதான் எக்ஸ்ரே. அதற்குள் நான்காம் கட்டம். ‘நான் பிடிக்கிறதில்லை, எனக்கு எப்படி வரும்’ என்று இருந்துவிடுகிற இன்னொருத்திக்காகவாவது நான் அதை உரக்கச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

சரி, அதற்காகத்தான் சொன்னேனா? அங்கேதான் இடிக்கிறது. அதற்காகச் சொல்பவள் கொஞ்சம் நிதானமாகச் சொல்வாள். நான் கேள்வி முடிவதற்குள் சொன்னேன். “ஒரு தடவகூட” என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

கீமோவோடு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், பாதி உழைப்பு நோயாளி மாதிரி இல்லாமலிருப்பதற்கே போய்விடும். எனக்கு ஏற்றுவது கார்போபிளாட்டினும் பெமெட்ரெக்ஸெட்டும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை. இந்த மருந்துக்கு முடி மெலியுமே தவிரப் பெரும்பாலும் மொத்தமாகக் கொட்டாது. அதனால் ஆசிரியர் அறையில் “நல்லாத்தானே இருக்கீங்க” என்பார்கள். ஏற்றுவதற்கு முதல் நாள், அன்று, மறுநாள் என்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. அந்த நாட்களில் முகம் சிவந்து, உடம்பில் இல்லாத தெம்பெல்லாம் வந்து, விடியற்காலை இரண்டு மணிக்குக் கட்டுரை திருத்திக்கொண்டிருப்பேன். மாத்திரை நின்றதும் துணி துவண்டு விழுவதுபோல் விழுவேன். தினமும் ஃபோலிக் ஆசிட், ஒன்பது வாரத்துக்கு ஒரு முறை பி12 ஊசி. சாம்பாரில் இரும்பு வாடை. வெள்ளணுக்கள் இறங்கும் இரண்டாம் வாரத்தில் வகுப்பில் யாராவது தும்மினால் என் மனம் முதலில் பிள்ளையைப் பார்க்காது, எத்தனையாவது வரிசை என்று பார்க்கும். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று எழுதிய அட்டை எப்போதும் கைப்பையில். துறைத்தலைவர் அட்டவணையை எனக்காக மாற்றிக் கொடுத்தார், அதை மறக்க மாட்டேன். என்றாலும், “மாத்திரையிலேயே சரியாகிடுதாமே” என்று கேட்பவர்களுக்கு எல்லாம், அது மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் இருப்பவர்களுக்கு, பரிசோதனையில் எனக்கு அது இல்லை என்று விளக்கி விளக்கியே அலுத்துப்போனேன். இத்தனைக்கும் நடுவில் என்னிடம் மிச்சமிருந்த நல்ல பெயர் ஒன்றுதான்: இது நானாகத் தேடிக்கொண்டது இல்லை. அதைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டதில் தப்பு இருப்பதாக இன்னும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

கீமோ ஏற்றும் இடத்தில் அவ்வப்போது பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் வருவார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவார். “நான் ஊதித் தள்ளுனேன், அனுபவிக்கிறேன். உங்களுக்கு ஏன்மா ஆண்டவன் இப்படிச் செஞ்சான்?” என்பார். பையன் பேசுவதற்கு முன்னால் அதைப் பாசமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் சொல்லும்போது, இந்த மனிதர் வாந்தி எடுத்தால் நர்ஸைக்கூடக் கூப்பிடாமல் இருப்பது ஏன் என்று புரிகிற மாதிரி இருக்கிறது. அவர் தனக்கு அதற்கு உரிமை இல்லை என்று நினைக்கிறார். “அப்படிச் சொல்லாதீங்க ஐயா” என்றேன் ஒரு தரம். “வேற எப்படிம்மா சொல்றது” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. புகைதான் காரணம் என்பது பொய்யா? இல்லையே. நாளைக்கே வகுப்பில் போய் நான் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2020லிருந்து சிகரெட் பெட்டிகளுக்கு ஒரே மங்கிய நிறம், முக்கால் பங்குக்கு எச்சரிக்கைப் படம். அந்தப் படம் ஒரு பிள்ளையையாவது தடுக்கும் என்றால் அது இருக்கட்டும் என்பவள் நான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பையன், தன் அப்பாவையும் அதில் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்திருப்பான்.

என் அப்பாவும் புகைத்தவர்தான். பழைய வீவக அடுக்குமாடி வீட்டில் (அரசாங்கம் கட்டிக் கொடுத்தது), எங்கள் படிப்பு மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து புகைப்பார். டாக்டரிடம் இதைச் சொன்னேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஒருவருக்கு எதனால் வந்தது என்று அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் அப்பா பேச்சை எடுத்ததில்லை. அவரை ஒருத்தரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு இருக்கிறது. என் அப்பாவுக்கு நான் கொடுக்கிற இந்தக் காவலை அந்தப் பையனின் அப்பாவுக்கு அன்று யாரும் கொடுக்கவில்லை. நானும்தான். ஆனால் எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் யோசித்துப் பார்க்கிறேன். “அதைக் கேட்கக் கூடாதுப்பா” என்றா? அப்படிச் சொன்னால் வகுப்பு முழுக்க, டீச்சர் புகைத்திருக்கிறார் என்று முடிவு கட்டியிருக்கும். அது பரவாயில்லை என்று சொல்லும் அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை.

சக ஆசிரியை ஒருவரிடம் சொன்னேன். “நீங்க ரொம்ப யோசிக்கிறீங்கக்கா, அவன் அப்பவே மறந்திருப்பான்” என்றார். அவன் மறக்கவில்லை. என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறான், மரியாதையில் குறை இல்லை. ஆனால் பயிற்சித்தாளில் மின்சிகரெட் தலைப்பை மட்டும் எழுதாமல் விட்டிருந்தான். நானும் அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை. குறைத்திருக்க வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. தேர்வில் இதே தலைப்பு வந்தால் அவன் பேசித்தான் ஆக வேண்டும்.

இப்போது தாய்மொழி இருவார நிகழ்ச்சியில் தமிழ் மாணவர்களுக்கு முன்னால் பேசச் சொல்கிறார்கள். “உங்க அனுபவத்தைச் சொல்லுங்க, பிள்ளைங்க கேப்பாங்க” என்று பள்ளி ஆலோசகர் சொன்னார். ஒத்துக்கொண்டுவிட்டேன். கீமோ இல்லாத வாரமாகப் பார்த்துத் தேதியும் கொடுத்தாயிற்று. பேச்சை எழுதத் தொடங்கியபோது கை தானாகவே ‘நான் வாழ்நாளில் புகைத்ததே இல்லை’ என்றுதான் ஆரம்பித்தது. அடித்துவிட்டு, இருமலில் ஆரம்பித்து எழுதினேன். படித்துப் பார்த்தால் முக்கியமான எச்சரிக்கையே அதில் இல்லை. மறுபடி நடுவில் எங்கேயோ அந்த வரியைச் சேர்த்திருக்கிறேன். அவன் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பான். பேச்சுக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு இப்படி ஒரு வரி வரும் என்று சொல்லிவிடலாமா, அவன் அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்கலாமா என்று நினைக்கிறேன். கேட்டால் ஒருவேளை அவன் பேசுவான். இல்லை, டீச்சருக்கு உறுத்துகிறது என்பதற்காக அவன் தன் அப்பாவை மறுபடி எடுத்து வைக்க வேண்டியிருக்கும். இரண்டில் எது நடக்கும் என்று தெரியவில்லை. வரியை இன்னும் எடுக்கவில்லை.