நாலு காலம்ல இருக்கற பேரை ஒரே லிஸ்ட்டா எடுக்கறது

நாலு நாள் நடந்த ஒரு பயிற்சிக்கு யார் யார் வந்தாங்கன்னு ஒரு எக்ஸெல் ஷீட் கைக்கு வந்துச்சு. ஒவ்வொரு நாளுக்கும் மேலிருந்து கீழ போற ஒரு காலம் (column), அதுல கீழ கீழ பேரு. சிலர் நாலு நாளும் வந்திருக்காங்க, சிலர் ஒரு நாள்தான், மொத்தம் யாருக்கெல்லாம் சர்டிபிகேட் அடிக்கணும்னு லிஸ்ட் வேணும். திரும்பத் திரும்ப வர்றதை ஒண்ணா குறைக்கற யூனிக் (UNIQUE) ஃபார்முலா இருக்கேன்னு நாலு காலத்தையும் சேத்து செலக்ட் பண்ணி போட்டேன், மொத்த டேபிளும் அப்படியே திரும்ப வந்து நின்னுச்சு.

விஷயம் என்னன்னா யூனிக் ஒவ்வொரு செல்லா பாக்காது, முழு வரியாத்தான் பாக்கும். ஏ, பி, சி, டி நாலும் இன்னொரு வரியில அச்சு அசலா அப்படியே இருந்தாத்தான் அதுக்கு அது டூப்ளிகேட். ரிமூவ் டூப்ளிகேட்ஸ் பட்டனும் இப்படித்தான்.

அதனால முதல்ல நாலையும் ஒரே காலமா அடுக்கணும், அதுக்குத்தான் டுகால் (TOCOL)ங்கற ஃபார்முலா, ஷீட்ல இங்கிலீஷ்லதான் அடிக்கணும்:

=யூனிக்(டுகால்(ஏ2:டி60,1))

அந்த 1 காலி செல்லை விட்டுருன்னு அர்த்தம், அந்த 1 போடலன்னா லிஸ்ட் நடுவுல ஒரு 0 வந்து உக்காரும்.

இதுக்கப்புறமும் எனக்கு செல்வின்னு ஒரே பேரு ரெண்டு தடவ வந்துச்சு. எழுத்தை எண்ணிக் காட்டற லென் (LEN) போட்டுப் பாத்தா ஒண்ணுல ஒரு எழுத்து கூடுதல், பேருக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ். சரின்னு முன்னபின்ன ஒட்டியிருக்கற ஸ்பேஸை வெட்டற ட்ரிம்மை (TRIM) டுகாலுக்கு உள்ள போட்டேன், இப்ப காலியா ஒரு வரி முளைச்சுது, ஏன்னா ட்ரிம் காலி செல்லையும் வெத்து டெக்ஸ்டா மாத்திடுது, டுகாலுக்கு அது காலியா தெரியாது. ட்ரிம்மை வெளிய வைக்கணும்:

=சார்ட்(யூனிக்(ட்ரிம்(டுகால்(ஏ2:டி60,1))))

இந்த வரிசையை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பாதி தலைவலி போயிடும். வெப்பேஜ்ல இருந்து காப்பி பண்ண பேருன்னா பாக்க சாதா ஸ்பேஸ் மாதிரியே இருக்கற கேர்(160)ன்னு (CHAR) ஒரு வேற ஸ்பேஸ் ஒட்டிட்டு வரும், ட்ரிம் அதைத் தொடாது, ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணைப் போடற சப்ஸ்டிட்யூட் (SUBSTITUTE) வச்சு முதல்ல அதை சாதா ஸ்பேஸா மாத்தணும்.

கூகுள் ஷீட்ஸ்ல டுகாலுக்கு பதிலா ஃப்ளாட்டன்னும் இருக்கு, எண்ணிக்கை மட்டும் போதும்னா கவுண்ட்யூனிக் நாலு காலத்தையும் நேரடியா எண்ணிடும். ஒரு வித்தியாசம், இங்கிலீஷ் பேரை ஒருத்தர் பெரிய எழுத்துலயும் இன்னொருத்தர் சின்ன எழுத்துலயும் அடிச்சிருந்தா எக்ஸெல் யூனிக்குக்கு ரெண்டும் ஒண்ணு, கூகுள் ஷீட்ஸுக்கு வேற வேற.

எக்ஸெல் 2016, 2019 வச்சிருக்கவங்களுக்கு யூனிக்கும் இல்ல டுகாலும் இல்ல (2021ல யூனிக் உண்டு, டுகால் கிடையாது). கவலைப்படாதீங்க, எக்ஸெல்லுக்குள்ளயே இருக்கற பவர் க்வெரியில (Power Query) நாலு காலத்தையும் அன்பிவட் (Unpivot) பண்ணா பேரெல்லாம் வேல்யூங்கற ஒரே காலமா இறங்கிடும், காலி செல் தானா போயிடும், அப்புறம் பக்கத்துல வர்ற அட்ரிபியூட் காலத்தை எடுத்துட்டு ரிமூவ் டூப்ளிகேட்ஸ். பேரு புதுசா சேந்தா ரிஃப்ரெஷ் குடுத்தா போதும்.

சார்ட் சும்மா அழகுக்குப் போடல. அகரவரிசையில வந்ததாலதான் முத்துலட்சுமியும் முத்துலெட்சுமியும் பக்கத்துல பக்கத்துல நின்னாங்க, ஃபார்முலாவுக்கு அவங்க ரெண்டு பேரு. போன் பண்ணிக் கேட்டேன், ஒரே ஆள்தான், "லெ" போட்டதுதான் சரின்னாங்க.