பழக்கம்: இல்லை

புற்றுநோய்ப் பதிவேட்டுக்குத் தகவல் சேகரிக்கும் வேலையில் எட்டு வருடம் இருந்தேன். வேலை என்றால், ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டுவதுதான். தூசியில் தும்மல் நிச்சயம். பெயர், வயது, ஊர், எந்த இடத்தில் புற்று, பயாப்ஸி முடிவு எல்லாவற்றையும் படிவத்தில் ஏற்ற வேண்டும். இதில் நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு தனி. ஒரு ஆஸ்பத்திரியில் எம்.முருகேசன், இன்னொன்றில் வெறும் முருகேசன். இருவரும் ஒரே ஆளா என்று தெருப் பெயரை வைத்துத் துப்பறிவதற்குள் மதியம் ஆகிவிடும். ஒருவரையே இரண்டு தடவை எண்ணிவிட்டால் கணக்கு போச்சு.

2015 மார்ச் கடைசியில் பேப்பரில் ஒரு செய்தி. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதை நிரூபிக்க இந்திய ஆய்வு எதுவும் இல்லை, எல்லாம் வெளிநாட்டில் செய்தவை என்று திலீப் காந்தி எம்.பி. சொல்லியிருந்தார். பாக்கெட்டில் எச்சரிக்கைப் படத்தை 85 சதவீத அளவுக்குப் பெரிதாக்கும் விதியை அலசிய நாடாளுமன்றக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பீடித் தொழிலதிபரான ஷ்யாமா சரண் குப்தாவும் அதில் உறுப்பினர். ஏப்ரல் 1 அன்று வரவேண்டிய விதி தள்ளிப்போனது.

"அப்போ நாம எழுதறது என்ன சார், கோலமா?" என்றான் கூட வேலை பார்த்த தம்பி.

இத்தனைக்கும் 2003லேயே லான்செட் மருத்துவ இதழில் வந்திருந்தது தமிழ்நாட்டு ஆய்வு. இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிரோடிருக்கும் 35,000 பேருடைய பழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அரசியல் என்றால் ஆராய்ச்சியைத் தடுப்பது என்று நினைத்திருந்தேன். தடுக்கவே வேண்டாம், இன்னொரு ஆய்வு கேட்டால் போதும், ஒரு வருடம் ஓடிவிடும். அப்படித்தான் ஓடியது. 2016 ஏப்ரலில்தான் பெரிய படம் வந்தது. அதற்கு முன்பு அந்தக் குழு, 50 சதவீதம் போதும் என்று வேறு சொல்லிப் பார்த்தது.

அப்புறம் நெல்லைப் பக்கம் போனபோது ஒரு அம்மா. கன்னத்தில் புற்று. கேஸ் ஷீட்டில் 'பழக்கம்: இல்லை' என்று இருந்தது. நோயாளிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கும் ஓ.பி.யில் அதற்கு மேல் யார் கேட்பது?

"புகையிலை போடுவீங்களாம்மா?"

"ச்சீ, அதெல்லாம் கிடையாது."

"வெத்தல?"

"வெத்தல போடாம எப்படி? கூடத் துளி பொகையில வச்சுக்கிடுவேன்."

வீட்டு மூலையில் சுளவும் நறுக்கிய பீடி இலையும் கிடந்தன. அவரே கேட்டார்: "படத்தைப் பெருசாப் போட்டா பீடி ஓடாதாம்லா? கடையில இலை, தூளைக் கொறச்சிட்டா நாங்க என்ன செய்ய?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் பயம் நிஜம். ஆனால் அந்தப் பயத்தை டெல்லியில் பேசுபவர்கள் கூலி கொடுக்கிற தரப்பாகவே இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்றும், பீடிக்கு 28லிருந்து 18 ஆகக் குறைப்பு என்றும் முடிவெடுத்தபோது அந்த அம்மா ஞாபகம்தான் வந்தது.

அன்றைக்குப் படிவத்தில் 'இல்லை'யை அடித்துவிட்டு 'புகையிலை, முப்பது வருடம்' என்று எழுதினேன். கீழே, தொழில் என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று இருந்தது. அதையும் அடித்தேன்.