திறக்காத தளத்திலிருந்து ஓர் எழுத்துரு மாற்றி

கோத்தகிரி அருகே எங்கள் ஊர்ச் சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்தின் பழைய தீர்மானங்களும் உறுப்பினர் பட்டியல்களும், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான ஒருங்குறி (யூனிகோட்) பரவலாவதற்கு முன் கணினியில் ஏற்றப்பட்டவை. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்ற பொதுவான தமிழ்க் குறியாக்கங்களை அறிவித்த பிறகும் நிறுவனத்துக்கு ஓர் எழுத்துரு என்ற நிலையே தொடர்ந்ததால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரிகின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற, இணையத்தில் கிடைக்கும் பொதுவான மாற்றிகள் உதவவில்லை. இதற்கெனவே எழுதப்பட்ட ஓர் இலவச மாற்றி இருந்தது. அதன் தளம்தான் திறக்கவில்லை.

தமிழ்க் கணிமை ஆர்வலர்களின் டெலிகிராம் குழுவில் உதவி கேட்டபோது, தளத்தின் முழு முகவரி, மென்பொருளின் பதிப்பு, உலாவி காட்டிய பிழைச்செய்தி ஆகிய மூன்றையும் எழுதியிருந்தேன். பிழைச்செய்திதான் பயன்பட்டது. வழங்கி (சர்வர்) பதில் தராமல் நேரம் கடந்துபோவது வேறு, அப்படியொரு பெயரே இல்லை என்று, தளப்பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித்தரும் டிஎன்எஸ் சொல்வது வேறு என்றும், எனக்கு வந்தது இரண்டாவது வகை என்றும் ஒருவர் விளக்கினார். அவர் சொன்னபடி டிஎன்எஸ் முகவரியைக் கூகுளின் 8.8.8.8 என மாற்றியும் பயனில்லை. சிங்கப்பூரிலிருந்த மற்றோர் உறுப்பினருக்கும் அதே செய்தி வந்ததால், மழைக்காலத்தில் நாங்கள் வழக்கமாகக் குறைசொல்லும் மலை இணைப்பின் மீது இம்முறை பழி விழவில்லை. தளப்பெயரின் பதிவு புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகியிருந்தது.

இடையே ஒருவர், அதே மென்பொருளை வழங்குவதாகக் கூறும் ஒரு பதிவிறக்கத் தளத்தின் இணைப்பைத் தந்தார். நல்லெண்ணம்தான்; ஆனால் கேட்காத நிரல்களையும் சேர்த்து நிறுவும் இத்தகைய தளங்களைச் சங்கக் கணினியில் அனுமதிக்க எனக்கு மனமில்லை.

1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்துவரும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தத் தளத்தின் முகப்புப் பக்கம் இருந்தது, ஆனால் அதிலிருந்த பதிவிறக்க இணைப்பின் பின்னால் கோப்பு இல்லை. பலரும் இந்த இடத்தில் தேடலைக் கைவிடுவார்கள் என்று நினைக்கிறேன். முகவரியின் முடிவில் சாய்கோடும் உடுக்குறியும் (/*) இட்டால் அந்தத் தளத்திலிருந்து சேமிக்கப்பட்ட எல்லா முகவரிகளும் பட்டியலாக வரும் என்பதைக் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். அப்பட்டியலில் முந்தைய பதிப்பின் ஜிப் கோப்பு கிடைத்தது. அதே பதிப்பைப் பழைய குறுந்தகட்டில் வைத்திருந்த இன்னொருவர், விண்டோஸின் செர்ட்யூட்டில் கட்டளையால், கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டு அனுப்பினார். என்னுடைய கோப்பின் மதிப்போடு 64 இலக்கங்களும் பொருந்தின. வெவ்வேறு வழிகளில் வந்த இரு படிகள் ஒத்திருந்ததும், நச்சுநிரல் சோதனையையும் முடித்துவிட்டு நிறுவினேன்.

கோப்புகள் பெரும்பாலும் சரியாகவே மாறின. கொம்பும் காலும் இடம் மாறி நின்ற சில சொற்களையும், சதுரங்களாக வந்த கிரந்த எழுத்துகளையும் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையால் திருத்திவருகிறோம்; உறுப்பினர் பட்டியல் முடிந்துவிட்டது, தீர்மானங்கள் பாக்கி.