டீக்கடை வரைக்கும்

ஆகஸ்ட் 23, 2025, சனி

எங்கள் பட்டறை இருக்கும் ஷெட்டை விற்றாகிவிட்டதாம். செப்டம்பர் கடைசிக்குள் காலி செய்யச் சொல்கிறார் ஓனர். அப்பா காலத்து வாடகைதாரர் நாங்கள். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ராத்திரி தூக்கம் இல்லை. காலையில் தனியாக ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். சுவரில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. என் தோளுக்கு மேலே ஒரு சாண். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி அடையாறு உள்ளே வந்து நின்ற உயரம். அதே வருஷம் ஜூனில்தான் இங்கே மெட்ரோ திறந்தார்கள். ஆறு மாதத்துக்குள் ஈக்காட்டுத்தாங்கலுக்கு ரயிலும் வந்தது, வெள்ளமும் வந்தது. வெள்ளம் வடிந்துவிட்டது, நிலத்து விலை வடியவில்லை. தெரு முழுக்க லேத் சத்தம் கேட்ட இடத்தில் இப்போது நாங்களும் இன்னும் இரண்டு பட்டறைகளும்தான்.

அந்தக் கோட்டின் மேல் வெள்ளையடிக்க விடாதவர் மேஸ்திரி அண்ணன். லேத்தைப் பிரித்து, ஒவ்வொரு கியரையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஒன்பதாவது நாள் ஓட வைத்தார். அந்த மாதச் சம்பளத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. அப்பாவைப் பெரியவர் என்பார்கள். ‘பெரியவர் கடை’ என்பதே அன்றைக்கு அவர்களுக்குப் போதுமாக இருந்தது. இப்போது பெரியவர் இல்லை. 17 பேரை அம்பத்தூருக்கு வாருங்கள் என்று கூப்பிட என்னிடம் என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்று ஷெட் பார்த்தேன். மூன்றிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: 2023 மிக்ஜாம் புயலில் தண்ணீர் எவ்வளவு? இரண்டு இடத்தில் பதில் மழுப்பல். மூன்றாவதில் வாட்ச்மேன் தாத்தா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். “ரோட்டுல இவ்ளோ. ஷெட்டு தரையைத் தூக்கிக் கட்டியிருக்கு, உள்ள வரலம்மா.” அந்த ஷெட்டையே பேசி முடித்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சொல்லிவிட்டேன். மெட்ரோவில் திருமங்கலம், அங்கிருந்து எஸ்டேட்டுக்குப் பஸ், போக வர ஆகும் செலவு கம்பெனியுடையது என்றேன். மில்லிங் அக்கா மட்டும் கேட்டார்: “அங்க போயி அதே வேலைதானா மேடம்?”

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 30, சனி

அதே வேலைதானா?

செப்டம்பர் 1, திங்கள்

பேங்க் லோன் திட்ட அறிக்கையில் ஒரு கட்டம்: நிறுவனத்தின் தொலைநோக்கு. நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று ஆபீஸ் ரூமில் தொங்கும் போர்டைப் பார்த்துக் காப்பி எடுக்க உட்கார்ந்தேன். ஐஎஸ்ஓ சர்ட்டிஃபிகேட் வாங்கின வருஷம் மாட்டியது. உலகத்தரம், வாடிக்கையாளர் திருப்தி, தொடர் முன்னேற்றம். பத்து வருஷமாக அதன் கீழேதான் எல்லாரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பையனைக் கூப்பிட்டு, போர்டைப் பார்க்காமல் அதில் என்ன எழுதியிருக்கிறது சொல் என்றேன். முழித்தான். அவன் மேல் தப்பே இல்லை. அதைப் படித்துவிட்டு மெஷினுக்குப் போகிறவன் எந்த ஒரு பீஸையும் வேறு மாதிரி செய்யப் போவதில்லை. வேறொரு கம்பெனிச் சுவரில் மாட்டினாலும் அப்படியே பொருந்தும் வாசகம் அது.

கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 3, புதன்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

தம்பியின் சக்கர நாற்காலியில் நாங்கள் செய்த முன்சக்கரத்தைப் போன வாரம் மாட்டினோம். எட்டு அங்குலம், டயர் இரண்டு அங்குல அகலம். கடையில் வாங்கியதில் இருந்த மெல்லிய டயர் ஜல்லியைக் கண்டால் குத்திக்கொண்டு நிற்கும். திறந்த பேரிங், ஒரு மழைக்கு மண் ஏறி இறுகிவிடும். எங்களுடையதில் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்ட 608 நம்பர் பேரிங். சாயங்காலம் தெருவில் ஓட்டிப் பார்த்தோம். வேகம் கொஞ்சம் ஏறியதும் சக்கரம் படபடவென்று ஆடத் தொடங்கியது. நான் பயந்து பின்னால் கைப்பிடியைப் பிடித்தேன்.

“அக்கா, தள்ளாதே.”

“தள்ளலடா, பிடிச்சிருக்கேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

அப்புறம் தெரு முனையைக் காட்டிக் கேட்டான், அந்த டீக்கடை எவ்வளவு தூரம் என்று. 180 மீட்டர் இருக்கும். வழியில் வாசல் சரிவு, ரோட்டுக்கு மேலே மூன்று விரல் தூக்கி நிற்கும் பாதாளச் சாக்கடை மூடி, இரண்டு வேகத்தடை, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியதன் மேல் போட்ட தகரம். கடைசியில் கடையின் ஒரு படி. 2011-லிருந்து அவன் அங்கே தனியாகப் போனதில்லை.

“டீ குடிக்க இல்லக்கா. டீ வீட்லயே இருக்கு. நான் வர்றதைப் பாத்துட்டு அவன் கேக்காமலே ஒரு கிளாஸ் எடுத்து வைக்கணும்.”

வீட்டுக்கு வந்ததும் பேங்க் ஃபாரத்தை எடுத்து எழுதினேன்: ‘ஒரு மனிதர், யாரும் தள்ளாமல், தன் வீட்டிலிருந்து தெருமுனை டீக்கடை வரை போய் வரக்கூடிய சக்கரங்களைச் செய்வது.’ எழுதி முடித்ததும் கை நடுங்கியது. இத்தனை வருஷம் நான் எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. இனி எங்கே போக வேண்டும் என்று மீட்டர் கணக்கில் தெரியும்.

செப்டம்பர் 5, வெள்ளி

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரிடமும் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை படிக்கவில்லை. தேவைப்படவில்லை.

அண்ணன் மட்டும் தனியாக வந்து சொன்னார். “பெரியவர் காலத்துல நாம நமக்குன்னு எதையும் செஞ்சது இல்ல பாப்பா. வரைபடம் அவங்க குடுப்பாங்க, அளவு அவங்க சொல்லுவாங்க. தப்பாப் போனா திட்டவாவது ஒருத்தன் இருப்பான்.” அவருக்குப் பயம் என்று நினைத்திருந்தேன். ராத்திரி யோசித்தால், என்னை நினைத்துத்தான் பயப்படுகிறார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சந்திர கிரகணம் பார்க்கப் போகிறேன் என்று ராத்திரி பதினொரு மணிக்குத் தம்பி வாசல் சரிவில் தானே இறங்கினான். முதல் வேகத்தடை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டான். நிலா தெரிந்ததா என்று கேட்கவே மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பேங்க். மேனேஜர் படித்துவிட்டு, “டீக்கடையோட நின்னுடுதே மேடம், எக்ஸ்போர்ட் அது இதுன்னு ஏதாவது சேர்க்கலாமே” என்றார். 2011 கணக்கெடுப்பில் நம் நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் என்றேன். அதில் எத்தனை பேர் நாற்காலி வாங்குவார்கள் என்றார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி வந்தேன். வரியை மாற்றவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

பெரிய கஸ்டமர் கூப்பிட்டார்கள். இரண்டு வருஷ ஆர்டர், இரண்டு சி.என்.சி.யும் முழு நேரமும் அவர்களுக்கே ஓட வேண்டும். “அந்தச் சக்கர வேலையெல்லாம் இப்போ எதுக்கு?” என்று அன்பாகத்தான் கேட்டார்கள். பழைய பில் 94 நாளாக நிற்கிறது. சிறு தொழில்களுக்கான 2006 சட்டப்படி, எந்த ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி. யார் கேட்பார்கள்? கேட்டால் அடுத்த ஆர்டர் வராது.

இருந்தாலும் மனம் சபலப்பட்டது. அதை மறைத்து எழுதினால் இந்த நோட்டு எதற்கு? அந்தப் பணம் வந்தால் ஷெட் அட்வான்ஸ், கிரேன், மூன்று மாதச் சம்பளம் எல்லாம் முடிந்துவிடும்.

செப்டம்பர் 12, வெள்ளி

பதில் சொல்லவில்லை.

செப்டம்பர் 13, சனி

டாக்டர் ஜி. வெங்கடசாமி ஞாபகமாகவே இருக்கிறது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் அவருக்கு வேலை. அது தெளிவாக இருந்ததால் மற்ற முடிவெல்லாம் அதிலிருந்து வந்தது. பணம் கட்டுகிறவர், கட்ட முடியாதவர் இரண்டு பேருக்கும் அதே டாக்டர்கள். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாதபோது, 1992-ல் ஆரோலாப் ஆரம்பித்து லென்ஸை மதுரையிலேயே செய்தார்கள். விரல் கோணியவர் கண்ணுக்குள் கத்தி வைத்தார் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும். நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை, 17 பேர் பட்டறை. ஆனால் அவரிடம் கேட்டிருந்தால் வியாழக்கிழமைக் கேள்விக்கு இரண்டு நாள் எடுத்திருக்க மாட்டார்.

திங்கட்கிழமை சொல்லிவிடுவேன். ஒரு சி.என்.சி. அவர்களுக்கு. இன்னொன்று சக்கரத்துக்கு.

செப்டம்பர் 14, ஞாயிறு

தம்பியோடு மெரினா. 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மணலுக்கு மேலே மரப்பாதை போட்டார்கள், 263 மீட்டர். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் முனையைப் பிய்த்தது, மறுபடி சரி செய்தார்கள். யாரோ ஒருவர் கடல் வரைக்கும் என்று முடிவு செய்திருக்கிறார், புயலுக்குப் பிறகும் அந்த முடிவை மாற்றவில்லை. தம்பி முனையில் நின்று ரொம்ப நேரம் பேசவே இல்லை. சக்கரம் அங்கேயும் ஆடியது.

செப்டம்பர் 15, திங்கள்

சொல்லிவிட்டேன். “யோசிச்சுச் சொல்றோம்” என்றார்கள். வயிறு காலையிலிருந்து சரியில்லை.

செப்டம்பர் 17, புதன்

காலையில் என் மேஜையில் செய்தித்தாளில் சுற்றி ஒரு பொட்டலம். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குழாய்த் துண்டு. இரண்டு முனையும் கண்ணாடி மாதிரி ஃபேஸிங் செய்து, ஓரத்தில் பிசிறே இல்லாமல் தேய்த்திருந்தது. ஸ்பேசர். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தண்டில் மேலும் கீழும் உள்ள இரண்டு பேரிங்குக்கு நடுவே வைக்க வேண்டியது. இதுவரை நட்டை இறுக்கினால் பேரிங் பிடித்துக்கொண்டது, தளர்த்தினால் ஆட்டம் வந்தது. நடுவில் சரியான நீளத்தில் இது நின்றால் நட்டை எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கலாம், பேரிங் மேல் பாரம் ஏறாது. மாட்டிப் பார்த்தேன். ஆட்டம் நின்றுவிட்டது.

யார் செய்தது என்று கேட்கத் தேவையில்லை. அந்த மாதிரி ஓரம் தேய்க்கிற கை எங்கள் பட்டறையில் ஒன்றுதான். அவர் பக்கத்தில் போய் நின்றேன். “சிப்ஸ் தெறிக்கும், தள்ளி நில்லு பாப்பா” என்றார். அம்பத்தூர் வருவாரா என்று கேட்க வாய் வரவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

11 பேர் வருகிறார்கள். நான்கு பேர் வரவில்லை. வீட்டுக் காரணம், பிள்ளைகள் ஸ்கூல். கணக்கு முடித்து நல்லபடியாக அனுப்ப வேண்டும். இரண்டு பேர் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 20, சனி

சி.என்.சி. பையன் சக்கரத்தின் நடுவே வரும் நாற்பது ஹப்பைத் தனியாக ஒரு தட்டில் எடுத்து வைத்து, சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தான். பேரிங் உட்காரும் 22 மில்லி துளை பெரிதாகிவிட்டதாம். துளையின் அளவு பார்க்கும் பிளக் கேஜை என் கையில் கொடுத்துப் போடச் சொன்னான். நுழையவே கூடாத நோ-கோ முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இந்த மாதிரி பீஸுக்கு வேறு நாளாக இருந்தால், அளவு தப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கஸ்டமரிடம் டீவியேஷன் கேட்டு அனுப்பிடலாமா மேடம் என்றுதான் வந்து நிற்பான். நானும் கஸ்டமருக்குப் போன் போடுவேன்.

“பேரிங் லூஸா சுத்தும் மேடம். இது டீக்கடை வரைக்கும் போகாது.”

என்னிடம் கேட்காமல் அவனே ஒதுக்கியிருக்கிறான். டூல் இன்செர்ட் மாற்றி மறுபடி ஓட்டவும் ஆரம்பித்துவிட்டான். நாற்பது பீஸ் நஷ்டம். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டேன். அந்தப் பழைய போர்டைக் கழற்றிக் கீழே வைத்தேன். புதிதாக ஒன்றும் மாட்டப் போவதில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

பெரிய கஸ்டமர்: ஒரு மெஷினுக்கு உண்டான ஆர்டர் தருகிறார்களாம். ஒரு வருஷத்துக்கு. பழைய பில்லில் பாதி வந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

கிரேன், செயின் பிளாக், உருளைக்குப் பைப்புகள். அப்பாவின் எச்.எம்.டி. லேத் கடைசியாக ஏறியது. அண்ணன்தான் நின்று கட்டினார். ஒவ்வொரு கயிற்றுக்கும் அடியில் பழைய சாக்கை மடித்து வைத்தார், லேத்தின் பெட், அதன் நீளமான அடித்தளம், அதன் மேல் கீறல் விழக் கூடாதென்று. லாரி கிளம்பியதும் அவர் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டார்.

காலி ஷெட்டில் அந்தக் கோடு மட்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

லேத்தை மட்டமாக உட்கார வைக்கும் லெவலிங். ஒரு மீட்டருக்கு 0.02 மில்லி காட்டும் ஸ்பிரிட் லெவலைப் பெட் மேல் வைத்து, போல்ட்டைக் கால் திருப்பு, அரைத் திருப்பு. குமிழி நடுவில் வரும், பக்கத்தில் ஆள் நடந்தால் நகரும். அண்ணன் இருந்தால் ஒரு மணி நேர வேலை. நாங்கள் நால்வர் சேர்ந்து ராத்திரி ஒன்பதரை வரைக்கும். இன்னும் சரியில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. லேத்துக்குச் சந்தனம், குங்குமம், பொரி, பூசணிக்காய். தம்பி கேட்டிலிருந்து சாய்தளம் வழியாகத் தானே உள்ளே வந்தான். யாரும் எழுந்து ஓடவில்லை. அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

அண்ணன் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பதாக வீட்டில் சொன்னார்கள். அவர் பங்குப் பொரியைத் தனியாகக் கட்டி வைத்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

தம்பி காலையில் 25 நிமிஷம் காணோம். நான் வாசலுக்கு வரவில்லை. ஜன்னல் பக்கம்கூடப் போகவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

ஏழு மணிகூட ஆகவில்லை. வாட்ச்மேன் தாத்தா போன். “யாரோ வயசானவரு, கையில ஒரு ஸ்பிரிட் லெவல் வெச்சிக்கினு கேட்டாண்ட நிக்கறாரும்மா. சாவி எங்கன்றாரு.”

சாவி என்னிடம்தான் இருக்கிறது. வண்டியை எடுக்கிறேன்.