ஆர்எக்ஸ் 100 இன்ஜின் கட்டி, ஏற்காடு ஏத்தி, கோவை டிராக்ல விட்ட அனுபவம்

யமஹாவோட பழைய டூ ஸ்ட்ரோக் பைக் ஆர்எக்ஸ் 100 இன்ஜினை பிரிச்சு வெச்சாலே பாக்குற எல்லாரும் முதல்ல கேக்குறது "போர்ட்டிங் பண்ணலயா"ன்னு தான். போர்ட்டிங்னா சிலிண்டர்ல மிக்சரும் புகையும் போற வர்ற ஓட்டைய, அதாவது போர்ட்ட, ஃபைல் போட்டு பெருசாக்குறது. எனக்கு அதுல உடன்பாடே கிடையாது. முதல்ல இன்ஜின் எங்கயும் காத்து கசியாம இருக்கணும், அடுத்து கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் அளவை முடிவு பண்ற ஜெட் சரியா உக்காரணும், இது ரெண்டும் முடிஞ்சா தான் ஃபைலை கையில எடுக்கலாம். கோயமுத்தூர் செட்டிபாளையத்துல இருக்குற கரி மோட்டார் ஸ்பீட்வேல ஒரு டிராக் டே (சொந்த வண்டிய ரேஸ் டிராக்ல ஓட்டுற நாள்) ஓட்டணும்னு ஆசைப்பட்டு, இன்ஜின் வேலை மொத்தத்தையும் சேலத்துலயே பண்ணோம், அதை ஆரம்பத்துல இருந்து எழுதிடறேன், பழைய டூ ஸ்ட்ரோக் வெச்சிருக்கவங்களுக்கு உதவும்.

வண்டி நல்லா ஓடிட்டு தான் இருந்துச்சு, ஆனா கனெக்டிங் ராடு பேரிங் சத்தம் லேசா வந்துருச்சு, கம்ப்ரெஷனும் கம்மி. கோரிமேடு பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன், யமஹா மட்டும் தான் தொடுவார். அவர் சொன்ன முதல் வார்த்தையே "தம்பி, பிளாக்க அப்புறம் பாக்கலாம், கிராங்க்க முதல்ல வெளிய எடு". அது தான் சரி. பிளாக்னா பிஸ்டன் ஓடுற சிலிண்டர், கிராங்க்னா பிஸ்டன் கனெக்டிங் ராடு வழியா சுத்த வைக்குற ஷாஃப்ட். சிலிண்டரை கடைஞ்சு புதுசா போர் போட்டு, ஆட்டம் குடுக்குற கிராங்க் மேல உக்கார வெச்சா காசு வேஸ்ட்.

ராடு கிட் மாத்த கிராங்க்கை பிரஸ்ல வெச்சு பிரிக்கணும், திருப்பி அடிச்சு சேக்கணும். சேக்குறது பெரிய விஷயம் இல்ல, சேத்த அப்புறம் ரெண்டு பக்க ஷாஃப்ட்டும் ஒரே நேர்ல இருக்கணும், அது தான் வேலையே. வி பிளாக்ல வெச்சு டயல் கேஜ் போட்டு சுத்தி பாத்து, முள்ளு எந்தப் பக்கம் ஏறுதோ அதுக்கு ஏத்த மாதிரி செம்பு சுத்தியல்ல ஒரு தட்டு, திருப்பி சுத்து, இன்னொரு தட்டு. நாங்க வெச்ச இலக்கு, ஆட்டம் 0.03 மிமீக்குள்ள. லேத் பட்டறையில இருந்த பெரியவர் ஒரு வார்த்தை பேசாம மத்தியானம் முழுக்க இதையே பண்ணாரு, அவசரமே கிடையாது. இந்தப் பொறுமைக்கு நான் குடுத்த கூலி ரொம்ப கம்மின்னு இப்பவும் தோணுது.

பிளாக்குக்கு 0.50 மிமீ ஓவர்சைஸ் போட்டோம், அதாவது சிலிண்டரை அவ்வளவு பெருசா கடைஞ்சு அதுக்கு ஏத்த பெரிய பிஸ்டன். ஸ்டாண்டர்டு போர் 50 மிமீ, ஸ்ட்ரோக்கும் 50, அதனால 98 சிசி. 50.5 ஆனதும் 100 சிசியை தொட்டுரும், ஆனா அதுக்காக யாரும் போர் போடறது இல்ல, தேஞ்ச சுவரை நேராக்கத் தான். முக்கியமான ஒண்ணு, பிஸ்டனை முதல்ல வாங்கி கையில குடுத்துட்டு தான் போர் போடச் சொல்லணும், ஒவ்வொரு பிஸ்டனும் அளவுல கொஞ்சம் கொஞ்சம் மாறும். போர் போட்டு ஹோனிங் (சுவரை கல்லு வெச்சு தேய்க்குறது) முடிஞ்சதும் போர்ட் ஓரமெல்லாம் கத்தி மாதிரி கூரா நிக்கும், அதை லேசா மழுக்கி விடலைன்னா ரிங் மாட்டி உடையும்.

இப்ப கசிவு. டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் கேஸ் தான் பம்ப், பிஸ்டன் மேல போறப்போ உள்ள இழுக்குது, கீழ வர்றப்போ மேல தள்ளுது. மேக்னட் பக்கம் ஆயில் சீல் போச்சுன்னா வெளிக்காத்த இழுத்து மிக்சர் லீன் ஆயி (காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி) பிஸ்டன்ல ஓட்டையே விழும், கிளட்ச் பக்கம் போச்சுன்னா கியர் ஆயில உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். இதை ஓட்டிப் பாத்து கண்டுபிடிக்கறது ஆபத்து. மெடிக்கல் கடையில கிடைக்குற முள்ளு வெச்ச பிபி மீட்டரை வெச்சே செக் பண்ணலாம். எக்ஸாஸ்ட்ட ரப்பர் ஷீட் போட்டு அடைச்சு, இன்லெட்ட அடைச்சு அதுல ஒரு டியூப் சொருகி 300 வரைக்கும் பம்ப் அடிச்சோம், அது 6 பிஎஸ்ஐக்கு பக்கம் வரும். முள்ளு மெதுவா இறங்குச்சு. சோப்புத் தண்ணி தடவுனதுல பிளாக்குக்கு அடியில பேக்கிங் ஓரம் நுரை வந்துச்சு, கழட்டி புது பேக்கிங் போட்டு திருப்பி அடிச்சப்புறம் அசையல. இந்தச் செலவு ஒரு டேங்க் பெட்ரோலை விட கம்மி, ஏன் யாரும் பண்றது இல்லைன்னு எனக்கு புரியவே இல்ல.

ரன்னிங் இன் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, ஒரே ஸ்பீட்ல இழுக்காம ஏத்தி இறக்கி ஓட்டுனேன்.

அப்புறம் தான் ஏற்காடு. சேலம் 278 மீட்டர், மேல ஏற்காடு 1500 மீட்டர் சொச்சம். அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறுறதுக்குள்ள காத்து அழுத்தம் 13 சதவீதம் பக்கம் குறைஞ்சுரும், அடர்த்தியும் கூடவே குறையும், மேல குளிர்ங்கறதால அதுல கொஞ்சம் திரும்ப கிடைக்கும், கூட்டிக் கழிச்சா அடர்த்தி 10 சதவீதம் கம்மின்னு வெச்சுக்கலாம். ஆனா கார்ப்பரேட்டர் விடுற பெட்ரோல் அந்த அளவுக்கு குறையாது, அதனால மிக்சர் ரிச், அதாவது பெட்ரோல் ஜாஸ்தி. கீழ கச்சிதமா இருந்த வண்டி அறுபது அடி பாலம் தாண்டி மேல போகப் போக மந்தமாகி, ஒண்டிக்கடை வர்றப்போ த்ராட்டில் கொஞ்சம் திறந்தாலே படபடன்னு நாலு ஸ்ட்ரோக் அடிச்சுது, அதாவது ஒரு சுத்து விட்டு ஒரு சுத்து தான் எரிஞ்சுது. கார்ப்பரேட்டர் நீடில் கிளிப்ப ஒரு காடி மேல ஏத்தி (நீடில் கீழ இறங்கி பெட்ரோல் குறையும்), மெயின் ஜெட் ஒரு சைஸ் சின்னதா போட்டதும் சத்தமே மாறிடுச்சு. ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன், இது ஜெட் புரிஞ்சுக்கறதுக்கு ஏறுனது, ரேஸ் விட இல்ல, அந்த ரோட்ல பஸ்ஸும் குடும்பத்தோட வர்ற வண்டியும் வளைவுல எதிர்ல வரும், வேகம் காட்டுற இடமே கிடையாது. அப்புறம் இறங்கறதுக்கு முன்னாடி பழைய ஜெட்ட திருப்பி போட்டே ஆகணும், மேல போட்ட ஜெட்டோட சேலத்து வெயில்ல முழு த்ராட்டில் புடிச்சா லீன் ஆயி, பிஸ்டன் சிலிண்டர்ல இறுகி சீஸ் ஆகும்.

கோவைக்கு வண்டிய குட்டி யானையில ஏத்திட்டு போனோம். கண்ணாடி கழட்டி, லைட்டுக்கு டேப் ஒட்டி, டிரெய்ன் போல்ட்ல ஓட்டை போட்டு லாக் வயர் கட்டி, கில் ஸ்விட்ச் மாட்டுனோம். கோவை 400 மீட்டர் உயரம் தான், சேலம் ஜெட் அப்படியே செட் ஆகும்னு தோணும். ஆனா காலைல முதல் செஷன் 20 டிகிரி, மத்தியானம் 35, இதுக்கு மட்டும் காத்து அடர்த்தி 5 சதவீதம் மாறும். காலைக் காத்து தான் கனமானது, பவரும் அப்ப தான் நல்லா வரும், சீஸ் ஆகுறதும் அப்ப தான். அதுபோக இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் அதுவாவே மிக்சரை லீன் ஆக்குது. அதனால காலைக்கு ஒரு சைஸ் பெரிய ஜெட்ல ஆரம்பிச்சோம். புது பிளக் போட்டு நேர் ரோட்ல முழு த்ராட்டில், கிளட்ச்ச புடிச்சு அதே நொடி கில் ஸ்விட்ச், உருட்டிட்டு வந்து பிளக்க கழட்டி பாத்தா பீங்கானோட அடியில காபி கலர் வளையம், மிக்சர் சரின்னு அர்த்தம். மெக்கானிக் அண்ணன் லென்ஸ் வெச்சு பாத்துட்டு "இதுல கை வெக்காத கண்ணு"ன்னாரு. மத்தியானம் ஒரு சைஸ் இறக்குனோம். 2.1 கிமீ டிராக், வளைவு அதிகம், டாப் ஸ்பீட விட வளைவுல இருந்து வெளிய இழுக்குறது தான் அங்க எடுபடுது, சீல் பண்ண ஸ்டாண்டர்டு போர்ட் இன்ஜின் அதை அழகா பண்ணுச்சு.

அடுத்த வேலை சைலன்சர். கிழக்கு ஜெர்மனி பைக் கம்பெனி எம்இசட்ல இன்ஜினியரா இருந்த வால்டர் காடன், கோன் வெச்ச எக்ஸாஸ்ட் பைப்போட 1961லயே 125 சிசில 25 எச்பி எடுத்தாரு, நம்ம வண்டி 98 சிசில 11. எக்ஸாஸ்ட் அலை கோன்ல மோதி திரும்பி வந்து, வெளிய ஓடுற புது மிக்சர மறுபடி சிலிண்டருக்குள்ள தள்ளுது, அந்த நேரம் எந்த ஆர்பிஎம்ல சரியா பொருந்தணும்னு பைப் நீளம் தான் முடிவு பண்ணும். நம்ம போர்ட் எப்ப திறக்குதுன்னு டிகிரி வீல் (கிராங்க் எத்தனை டிகிரி சுத்தியிருக்குன்னு காட்டுற தட்டு) வெச்சு அளந்து எழுதி வெச்சிருக்கேன், அதுக்கு 8000 ஆர்பிஎம் வெச்சு கணக்கு போட்டுட்டு இருக்கேன், ஷீட்ல கோன் உருட்டித் தர்ற பட்டறை செவ்வாப்பேட்டை பக்கம் தேடிட்டு இருக்கோம்.