முழுசா எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா: நான் முடிவுக்கு வந்த விதம்

ரிப்போர்ட்டில் மார்பகக் கேன்சர் என்று வந்ததும் வீட்டில் ஆளாளுக்குச் சொன்னது ஒன்றுதான், மார்பகத்தை எடுத்துரு. அத்தை சொன்னார்கள், நாத்தனார் சொன்னார், எதிர்வீட்டு அக்காவும் சொன்னார். “வயசு 53 ஆச்சு, பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் ஆயிருச்சு, இனி அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற, முழுசா எடுத்துட்டா பயமில்லாம இருக்கலாம்ல” என்று அத்தை கேட்டபோது அதில் அக்கறையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் நான் கடைசியில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் வைத்துக்கொண்டேன். எதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தேன் என்று, இப்போது ரிப்போர்ட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிற பெண்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் ரிப்போர்ட் வேறு, என்னுடையது வேறு. அதனால் இதைக் கேள்விகளாக எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள்.

என் ரிப்போர்ட் இதுதான். இடது மார்பகம், 1.6 செ.மீ. கட்டி, கிரேடு 2 (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதற்கான அளவு, மூன்றில் நடு), அக்குளில் நெறி, அதாவது நிணநீர்க் கணு வீக்கம், எதுவும் ஸ்கேனில் தெரியவில்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் பாசிட்டிவ், அதாவது இந்த ஹார்மோன்களால் தூண்டப்பட்டு வளர்கிற கட்டி. கட்டியை வேகமாக வளரவைக்கக்கூடிய ஹெர்2 என்ற புரதம் மட்டும் 2+ என்று போட்டிருந்தது. முதலில் பார்த்த சர்ஜன் அடுத்த வாரமே முழுசாக எடுத்துவிடலாம், நாள் குறித்துக்கொள்ளுங்கள் என்றார். ஹெர்2 பக்கத்தில் இருந்த அந்த 2+ க்கு என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, அதெல்லாம் ஆபரேஷனுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2+ என்றால் இருக்கு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்பதைப் பிறகு வேறொரு டாக்டர்தான் விளக்கினார். ஹெர்2 பாசிட்டிவாக இருந்தால் அதற்கென்றே தனி ஊசி மருந்து, ட்ராஸ்டுசுமாப், பெரும்பாலும் ஒரு வருடம் வரை போட வேண்டியிருக்கும், கட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தால் கீமோவை முதலில் கொடுத்துவிட்டு ஆபரேஷனை அப்புறம் செய்வார்கள். அதாவது திட்டமே மாறக்கூடிய ஒரு விஷயம் தெரியாமலேயே நாள் குறிக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஃபிஷ் நெகட்டிவ் என்று வந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் இன்றைக்கே ராத்திரியே ஆபரேஷன் செய்ய வேண்டிய அவசரம் இல்லை. கைக்குத் தட்டுப்படுகிற அளவுக்கு வர அந்தக் கட்டி பெரும்பாலும் வருடக்கணக்கில் வளர்ந்திருக்கும். மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது, நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்று போய்விடவே கூடாது, ஆனால் எல்லா ரிப்போர்ட்டும் வந்து, இன்னொரு டாக்டரிடம் கேட்டு, யோசித்து முடிவெடுக்க இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும்போது வெறும் ரிப்போர்ட் பேப்பரை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பயாப்ஸி எடுத்த திசுவை மெழுகில் பதித்து பிளாக் என்று லேபில் வைத்திருப்பார்கள். அதையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். புது ஆஸ்பத்திரியில் அவர்களுடைய பேத்தாலஜிஸ்ட், அதாவது திசுவைப் பரிசோதிக்கிற டாக்டர், அதை மறுபடி பார்ப்பார், திரும்ப ஊசி குத்த வேண்டியதில்லை. அக்கா வீடு திருச்சியில் இருப்பதால் அங்கே சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர் மூன்று பேரும் சேர்ந்து ஒவ்வொரு கேஸாக உட்கார்ந்து பேசுகிற ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த ஏற்பாடு இருக்கிறதா என்று நீங்களும் விசாரியுங்கள். சர்ஜன் ஒருவர் மட்டும் முடிவு சொல்கிற இடத்தில் மற்ற வழிகள் கண்ணில் படாமலே போய்விடக்கூடும்.

அங்கே சர்ஜன் அம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வியே அத்தை கேட்டதுதான். முழுசா எடுத்தால் அதிக நாள் உயிரோடு இருப்பேனா? அவர் சொன்ன பதிலை வீட்டுக்கு வந்து நானும் மகனும் தேடிப் படித்தோம். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற சர்ஜன் தலைமையில் 1976ல் ஓர் ஆய்வு தொடங்கியது. 4 செ.மீ. வரை கட்டி உள்ள 1,851 பெண்கள். சிலருக்கு மார்பகம் முழுவதும், சிலருக்குக் கட்டி மட்டும், சிலருக்குக் கட்டியை எடுத்து ரேடியேஷன். இத்தாலியில் மிலானில் உம்பர்டோ வெரோனேசி 1973லேயே இதே மாதிரி ஒன்றைத் தொடங்கி 701 பெண்களைச் சேர்த்திருந்தார். இரண்டின் 20 வருட முடிவுகளும் 2002ல் வெளிவந்தன. முழுசாக எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் உயிர் வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. அதற்கு முன்னால் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க சர்ஜன் காலத்திலிருந்து, அதாவது 1890களிலிருந்து, மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் சேர்த்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை லட்சம் பெண்கள் அந்த வலியைச் சுமந்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. தங்களைப் பரிசோதனைக்குக் கொடுத்த அந்தப் பெண்களால்தான் எனக்கு இந்தத் தேர்வே கிடைத்தது.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் விட்டுவிடக் கூடாது. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் வைக்காத பெண்களில் 20 வருடத்துக்குள் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் திரும்ப வந்தது. ரேடியேஷன் வைத்தவர்களில் 14 சதவீதம். இப்போதைய மாத்திரைகளும் நுட்பங்களும் சேர்ந்து அது இன்னும் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். ஆக, கட்டியை மட்டும் எடுப்பது என்பது தனி வைத்தியம் கிடையாது, ரேடியேஷனும் சேர்ந்ததுதான் அது. 70 வயதுக்கு மேல், சின்ன ஹார்மோன் பாசிட்டிவ் கட்டி என்றால் சிலருக்கு ரேடியேஷனை விட்டுவிடுவதும் உண்டு, எனக்கு அது பொருந்தாது. அப்புறம், முழுசா எடுத்தாலும் நெஞ்சுத் தோலில் திரும்ப வரும் வாய்ப்பு பூஜ்ஜியம் ஆகிவிடாது. அத்தையிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப டாக்டர் சொல்றபடி செய்மா” என்றார்கள்.

முழுசா எடுப்பதுதான் சரி என்கிற பெண்களும் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களை யாரும் குறைவாகப் பேசக் கூடாது. ஒரே மார்பகத்தில் தள்ளித் தள்ளிப் பல இடத்தில் கட்டி இருப்பவர்கள், முன்பே நெஞ்சில் ரேடியேஷன் வாங்கியவர்கள், கர்ப்பமாக இருப்பதால் ரேடியேஷன் கொடுக்க முடியாதவர்கள், மார்பகத்திலும் சினைப்பையிலும் கேன்சர் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருப்பவர்கள் எல்லாருக்கும் கணக்கு வேறு. மரபணு விஷயத்தில் அம்மா வழி மட்டுமில்லை, அப்பா வழியில் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ வந்ததா என்றும் கேட்பார்கள், முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பு அறையில் என்னோடு பேசிக்கொண்டிருந்த புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண், சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டு வாரக்கணக்கில் ரேடியேஷனுக்கு வந்து தங்க வழியில்லை என்பதாலேயே முழுசா எடுத்துக்கொண்டார். நெறியில் பரவாத சின்னக் கட்டி என்பதால் அவருக்கு ரேடியேஷன் வேண்டியிருக்கவில்லை. நன்றாக யோசித்துத்தான் எடுத்தார்.

எனக்கும் அந்தத் தூரம்தான் பெரிய தடையாக இருந்தது. காரைக்குடியிலிருந்து திருச்சி போனாலும் மதுரை போனாலும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கரன்ட் (ரேடியேஷனை ஊரில் இப்படித்தான் சொல்வார்கள்) வைக்கணும் என்றால் மாதக்கணக்கில் அலைய வேண்டும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். முன்பு 5 வாரம், 25 தடவை என்று இருந்ததை இப்போது பலருக்கு 3 வாரம், 15 தடவையில் முடித்துவிடுகிறார்கள், இங்கிலாந்தில் 2020ல் வந்த ஆய்வுக்குப் பிறகு சிலருக்கு ஒரே வாரத்தில் 5 தடவையும் போதும் என்கிறார்கள். எனக்கு 3 வாரத் திட்டமும் கட்டி இருந்த இடத்துக்குக் கொஞ்சம் கூடுதலும் போட்டார்கள். அக்கா வீட்டில் தங்கிவிட்டேன். இடது பக்கம் என்பதால் இதயத்தில் கதிர் படுமே என்று கேட்டேன். மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அப்போது நுரையீரல் விரிந்து இதயம் நெஞ்சுச் சுவரிலிருந்து விலகிவிடுகிறது, அந்த நேரத்தில் மட்டும் இயந்திரம் ஓடும். இடது பக்கக்காரர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். கதிர் விழும்போது வலி எதுவும் இல்லை. தோல் கறுத்தது, அக்குள் மடிப்பில் எரிந்தது, சாயங்காலம் ஆனால் அடித்துப்போட்ட மாதிரி அசதி.

ஆபரேஷனுக்கு முன் சர்ஜன் இரண்டு விஷயங்களை உடைத்துச் சொன்னார். எடுத்த துண்டின் ஓரத்தில் கேன்சர் செல் இருந்தால் மறுபடி ஆபரேஷன் வரும், அதற்கு மனதளவில் தயாராக இருங்கள் என்றார். எனக்கு ஓரம் சுத்தமாக இருந்தது. இரண்டாவது அக்குள். முன்பெல்லாம் அங்குள்ள நெறிகளை வழித்து எடுத்துவிடுவார்கள், பல பெண்களுக்குக் கை வீங்கி ஆயுசுக்கும் வேதனை. இப்போது நீலச் சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேருகிற ஒன்றிரண்டு நெறியை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள், சென்டினல் நெறி என்று பெயர். அதில் பரவவில்லை என்றால் மற்றதைத் தொடுவதில்லை. மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகும், பயந்துவிடாதீர்கள், அந்தச் சாயம்தான்.

கீமோ வேண்டுமா என்பதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்த கேள்வி. ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், நெறியில் இல்லை என்கிறவர்களுக்குக் கட்டியின் 21 மரபணுக்களைப் பார்த்து மதிப்பெண் போடுகிற ஆன்கோடைப் என்ற பரிசோதனை இருக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த டெய்லர்எக்ஸ் ஆய்வு 2018ல் வந்தது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மதிப்பெண் 25 வரை இருந்தால் கீமோவால் கூடுதல் பலன் இல்லை என்று அதில் தெரிந்தது. ஆனால் விலை லட்சங்களில். பெங்களூருவில் உருவாக்கிய கேன்அசிஸ்ட் என்ற பரிசோதனை அதைவிடக் குறைந்த செலவில் கிடைக்கிறது என்று டாக்டர் சொல்ல, அதைச் செய்தோம், எங்கள் காப்பீட்டில் வரவில்லை, கையிலிருந்துதான் கட்டினோம். லோ ரிஸ்க் என்று வந்தது, கீமோ வேண்டாம் என்று மூன்று டாக்டர்களும் ஒத்துக்கொண்டார்கள். பணம் பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு போங்கள், ஆபரேஷன், ரேடியேஷன், கீமோ எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. எது வரும் எது வராது என்று ஆஸ்பத்திரியில் இருக்கிற காப்பீட்டுக் கவுன்ட்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இப்போது ஹார்மோனைத் தடுக்கிற மாத்திரையில் இருக்கிறேன். மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டமோக்சிஃபென், என்னைப் போல நின்றவர்களுக்கு லெட்ரசோல் மாதிரியான ஒன்று, குறைந்தது 5 வருடம். முதலாவதில் கருப்பையை, இரத்தம் உறைவதைக் கவனிக்க வேண்டும், இரண்டாவதில் எலும்பை. எனக்குக் காலையில் எழுந்ததும் விரல் மடக்க முடியாத வலி இருந்தது. கால்சியம், வைட்டமின் டி, நடை, எலும்பு அடர்த்தி ஸ்கேன் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாவற்றையும் தாங்கிவிட்டு இந்த வலியில் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிற பெண்களைப் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. திரும்ப வராமல் பார்த்துக்கொள்வதில் பெரும்பங்கு அந்தச் சின்ன மாத்திரைக்குத்தான். டாக்டரிடம் போய்த் தாங்க முடியவில்லை என்று சொல்லுங்கள். அதே வகையில் வேறு மாத்திரை இருக்கிறது, எனக்கு எக்ஸிமெஸ்டேனுக்கு மாற்றிக்கொடுத்த பிறகு விரல்கள் பரவாயில்லை, கோலம் போட முடிகிறது.