நிறம் போன தண்ணீர்

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று ராத்திரி மேற்கே நல்ல மழை போலிருக்கிறது. காலையிலிருந்து மாமாவுக்குப் போன் மேல் போன். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளைத் தாண்டி ஓடிவரும் நொய்யலில் தண்ணீர் வருகிறதாம். பங்காளிகள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "என்ன கலர்ல வருது?" ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிற எங்கள் ஊர்களில் ஆற்றைப் பற்றி விசாரிப்பதே இப்படித்தான். மண் கலந்த செந்தண்ணீர் என்றால் நிம்மதியாகப் போனை வைத்துவிடுகிறார்கள்.

எனக்கு அந்த நிம்மதியில் நம்பிக்கை இல்லை. பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிறவளின் தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைந்திருக்கிற உப்பின் அளவைச் சொல்லும் டி.டி.எஸ். மீட்டரைப் பள்ளிக்கூட லேபிலிருந்து கொண்டுவந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். டம்ளரில் பளிச்சென்று இருக்கிற தண்ணீர். மீட்டர் 3,000த்தைத் தாண்டி நின்றது. குடிக்கிற தண்ணீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை போகலாம். மீட்டரும் உப்பை எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. எந்த உப்பு என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

அக்டோபர் 14, செவ்வாய்

தூறல். விடைத்தாள் கட்டு அப்படியே கிடக்கிறது. தம்பிக்கு பனியன் கம்பெனிக்காரர்களைப் போலவே போனஸ் போட்டுவிட்டார்களாம், தீபாவளிக்கு வருகிறான்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

தம்பி திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறான். பலகாரத் தட்டை வைத்துக்கொண்டே அவனிடம் பாடம் கேட்டேன். பருத்தித் துணியும் சாயமும் தண்ணீருக்குள் இரண்டுமே எதிர்மின் தன்மையோடு இருக்கும். ஒன்றை ஒன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கத்தான் உப்பு. சாயம் நூலுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் சலவைச் சோடா போடுகிறார்கள், சாயம் நூலைப் பிடித்துக்கொள்கிறது. அடர்ந்த நிறத்துக்கு உப்பு லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போகும் என்றான். கடல் தண்ணீரில் இருப்பதே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான்!

சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு ஒரு துளிகூடத் துணியில் தங்காது, போட்டது அத்தனையும் கழிவுத் தண்ணீரில் வெளியே வந்தாக வேண்டும். "சாயக் கழிவு" என்றே பேசிப் பேசி இதைக் கோட்டைவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிரை விட்டுச் சாயத்தைக் குறைக்கலாம். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது.

அக்டோபர் 22, புதன்

தம்பியோடு அணைக்குப் போய்வந்தேன். 90களின் தொடக்கத்தில், இன்றைய ஈரோடு, கரூர் மாவட்டங்களில் சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் என்று சொல்லிக் கட்டியது. சில வருடங்களிலேயே சாயத் தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிட்டது. தேங்கியது சும்மா இருக்குமா? அடியில் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஏறியது. 1997ல் திறந்துவிட்டபோது கீழே பயிர் கருகியது. பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்காதே என்று விவசாயிகளே சொல்லும்படி ஆனது. அப்படி ஒரு அணை வேறெங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

அணையின் பாசன விவசாயிகளான ஆயக்கட்டுக்காரர்கள் 2003ல் உயர் நீதிமன்றம் போனார்கள். கழிவை ஆற்றில் விடக்கூடாது என்று 2006ல் தீர்ப்பு, 2009ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்புறமும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28ல் திருப்பூரின் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உத்தரவு. 700க்கும் மேலே இருந்தன. அன்றைக்கு இந்த வீட்டில் மாமா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். அங்கே அம்மா வீட்டில் தம்பி வேலை போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே நான். யார் பக்கம் என்று இருவருமே என்னைக் கேட்கவில்லை, அது அவர்கள் பெருந்தன்மை.

இப்போது ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்பதுதான் சட்டம். ஆர்.ஓ. வடிகட்டியில் நல்ல தண்ணீரைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே எடுக்கிறார்கள். மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறார்கள். கரண்டும் விறகும் தின்கிற வேலை. முறையாகச் செய்கிற இடங்களில் உப்பில் ஒரு பங்கை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவதும் உண்டு. இதில் திருப்பூர்க்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மீட்க முடியாத கலவை உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் கிடக்கிறது. "அதை என்னடா பண்ணுவீங்க?" என்றேன். "நனையாமப் பாத்துக்குவோங்க்கா" என்றான்.

மழை ராத்திரியில் யாரோ கழிவைத் திறந்துவிடுகிற கதையும் இன்னும் நிற்கவில்லை. ஆற்றில் மிதக்கிற நுரைக்கான பழியை மட்டும் முழுக்கச் சாயப்பட்டறை தலையில் போடக்கூடாது. கோவையும் திருப்பூரும் விடுகிற சாக்கடை, சோப்புத் தண்ணீர் எல்லாம் அதில் உண்டு.

அக்டோபர் 26, ஞாயிறு

மண் பரிசோதனை முடிவு வந்தது. கீழ்த் தோட்டத்து மண்ணின் காரத்தன்மையைச் சொல்லும் பி.எச். 8.9. சோடியம் ஏறிப்போன களர் மண். அங்கே மாமா மஞ்சள் போட்டு எத்தனையோ வருடம் ஆகிறது.

மாமாவுக்கு விளக்கினேன். களிமண் துகளில் கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் சோடியம் உட்கார்ந்துகொண்டது. அதனால் துகள்கள் பிரிந்து, நீர் இறங்கும் கண்களை அடைத்துவிட்டன. மழை பெய்தால் மேலேயே நிற்கும், காய்ந்தால் ஓடு கட்டும், விதை முட்டிக்கொண்டு வெளியே வராது. ஜிப்சம் போட்டால் அதிலிருக்கும் கால்சியம் சோடியத்தைக் கிளப்பிவிடும், நல்ல தண்ணீர் கட்டினால் கழுவிக்கொண்டு போய்விடும்.

"எங்க போவும் அம்மிணி?"

"கீழங்க மாமா."

"கீழன்னா நம்ம கெணத்துக்குத்தானே?"

பாடப் புத்தகத்தில் வடிகால் என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள். எங்கள் வடிகால் நொய்யல். அதற்குக் கீழே காவிரி. மாமாவுக்குப் பதில் சொல்லாமல் காபி போடப் போய்விட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

மாமாவே முடிவு பண்ணிவிட்டார். கீழ்த் தோட்டத்துக்கு மட்டும் ஜிப்சம், அதன்மேல் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுவது. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரையே நிறுத்திக்கொள்வது. கிணற்றுக்குப் பக்கத்து வயலைத் தொடுவதில்லை. என் பாடத்தில் அவர் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். ஜிப்சம் லோடு வெள்ளிக்கிழமை வருகிறது. மழை விட்டால் வரப்பில் நிறுத்தத் தண்ணீர் இருக்காது, விடாவிட்டால் லாரி தோட்டத்துக்குள் இறங்காது. டிரைவர் இப்போதே போன் பண்ணி வழியைக் கேட்கிறார்.